வேலிக்கு அப்பால் விளையும் மரக்கறி

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியிலே, பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் கெலிஓயா வரும். ஒரு புறம் மகாவலி கங்கை. மறுபுறம் உடுநுவரையின் குன்றுகளும் அவற்றிடையே படிப்படியாக இறங்கும் வயல்களும். புகையிரதத்திற் செல்வோர் இவ்வூரை ஒரு சிறு நிலையமாக மட்டுமே அறிவர். இறங்கி உள்வீதிகளில் நடந்து பார்ப்பவர்க்கோ வேறொரு காட்சி தென்படும். வீட்டைச் சூழ்ந்திருப்பது தோட்டமா காடா என்று ஐயுறும்படி மரங்கள் நெருங்கி நிற்கும். உயரே தென்னை, பலா, கித்துள், கமுகு. அவற்றின் நிழலிலே சாதிக்காய், கராம்பு, கோப்பி. மரங்களைத் தழுவி மிளகுக்கொடி. நிலத்தை ஒட்டி வாழை, இஞ்சி, மஞ்சள், கிழங்கு, கீரை. கண்டியின் வனத்தோட்டம் என்று பிற நாட்டு ஆராய்ச்சியாளரும் வந்து பார்த்து எழுதும் தோட்டங்கள் இவைதாம். பெரும்பாலானவை ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கருக்கு மேற்படாதவை.

இத்தகைய ஊரில் வாழும் நாம் வாரந்தோறும் கடைக்குச் சென்று எதனை வாங்குகிறோம்? கரட், போஞ்சி, லீக்ஸ், கோவா. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பறிக்கப்பட்டு, மூட்டையில் நசுங்கி, லொறியேறி, சில வேளை தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரை இறங்கி, மீண்டும் மலையேறி நம்மிடம் வந்து சேர்பவை அவை. வழியிற் பலர் கை மாறுகின்றன, ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகின்றது, இலையோ வாடுகின்றது. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் இரண்டாயிரம் ரூபாவையும் தாண்டி விற்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே கரட் வேறொரு மாதத்திலே தோட்டத்தில் பிடுங்கும் கூலிக்கும் கட்டுப்படாமல் மண்ணிலேயே விடப்படுகின்றது. இரண்டிலும் நட்டமடைபவர் இருவர்: உழுபவர் ஒருவர், உண்பவர் ஒருவர்.

கரட் இரண்டாயிரம் ரூபா விற்ற அந்த நாட்களில் பூசணியும் பலாப்பிஞ்சும் கொகிலக்கிழங்கும் உலகத்தை விட்டு மறைந்துவிடவில்லை. நாம்தான் அவற்றைக் கறியென்று எண்ணப் பழகவில்லை. 'கொஸ்' என்று சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, சந்தை விலையைக் குறை கூறுவதிற் பொருளில்லை.

வெளிநாடுகளில் இவ்விடருக்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். ஜப்பானிலே 1970ஆம் ஆண்டளவில், பாலும் காய்கறியும் நஞ்சின்றிக் கிடைக்கவேண்டுமென்று கவலை கொண்ட தாய்மார் உழவர்களிடம் நேரே சென்று, "நீங்கள் விளைவிப்பதை நாங்கள் எடுத்துக்கொள்வோம்" என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். அதற்குத் 'தெய்கெய்' என்று பெயர். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1978இல் இதை ஒத்த ஒரு கூட்டுத் தோட்டம் எழுந்தது. 1986இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ், நியூ ஹாம்சயர் ஆகிய மாநிலங்களில் இரு பண்ணைகள் இம்முறையைக் கைக்கொண்டன; பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. முறை எளியது. பருவம் தொடங்குமுன்னரே குடும்பங்கள் தத்தம் பங்குப் பணத்தை உழவரிடம் கொடுத்துவிடுகின்றன. விதைக்கும் எருவுக்கும் அவர் கடன்படவேண்டியதில்லை. விளைந்த பின்னர் வாரத்துக்கு ஒரு கூடை வீடு வந்து சேரும். மழை நன்றாகப் பெய்தால் கூடை நிறையும். பூச்சி விழுந்தால் குறையும். நிறைவும் குறைவும் இரு சாராருக்கும் பொது.

இதனைப் புதுமை என்று நினைப்பவர்கள் உடுநுவரையின் வயல்களைப் பார்க்கவேண்டும். 'அந்தே' என்னும் வாரமுறை இங்கே நெடுங்காலம் வழங்கிற்று. பயிரிடுபவர் விளைச்சலிற் பாதியை நிலச் சொந்தக்காரருக்கு அளந்துவிடவேண்டும். அம்முறையின் கடுமையைத் தணிக்கவே 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வந்தது. அந்தப் பங்கிலே நட்டமெல்லாம் பயிரிட்டவர் தலையில் விழுந்தது. நான் கூறும் பங்கு அதற்கு நேர்மாறானது. உண்பவரும் தோள் கொடுக்கும் பங்கு. 'அத்தம்' என்று சொல்லி ஒருவர் வயலில் மற்றவர் முறைவைத்து உழைப்பதும் இப்பகுதியின் பழைய வழக்கமே. மாதந்தோறும் சீட்டுப் பிடித்துத் தளபாடமும் நகையும் வாங்கும் நமது பெண்மணிகளுக்குக் கணக்கு வழக்கைச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. ஐந்து வீட்டார் கூடி, கீரையும் காயும் பயிரிடும் அயலவர் ஒருவரிடம் மூன்று மாதத்துக்கென ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்தால், மரக்கறிச் சீட்டு ஒன்று தொடங்கிவிட்டது. சங்கமும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம்.

ஆயினும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளை உண்பது நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐவர் உள்ள குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு இரண்டு கிலோ. வாரத்துக்கு ஆறு கிலோ நிறையுள்ள கூடை வந்தால் மூன்று நாட் தேவைதான் தீரும். எஞ்சிய நாட்களுக்குக் கடை இருக்கின்றது, முற்றத்து மரங்கள் இருக்கின்றன. ஒரு கூடை வீட்டு அடுக்களை முழுவதையும் நடத்துமென்று எண்ணித் தொடங்குபவர்கள் இரண்டாம் வாரமே சலித்துக்கொள்வர்.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கடையிலே நாம் விரும்பியதை எடுக்கிறோம். கூடையிலே வந்ததை ஏற்கிறோம். ஒரே மாதத்தில் நான்கு முறை பயிற்றங்காய் வரும். கண்ட அறியாத கிழங்கொன்று மண்ணோடு வந்து சேரும். "இதை என்ன செய்வது?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்க்கே கூடை பயன்படும். தெரியாதவர் வீட்டில் அது மூன்றாம் நாள் குப்பைக் குழிக்குப் போகும். அவ்விடையைத் தேடி வெகு தூரம் செல்லவேண்டாம். கெலிஓயாவிலே ஒரே ஒழுங்கையில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழ்கின்றனர். நமக்குப் புடலங்காய், அயல்வீட்டில் 'பத்தோல'. நமக்குப் பாகற்காய், அவர்களுக்குக் 'கரவில'. பூசணி 'வட்டக்கா' ஆகிறது. பொன்னாங்காணி 'முகுணுவென்ன' ஆகிறது. பெயர் மாறும்போது பக்குவமும் மாறுகின்றது. ஒரே காய்க்கு மூன்று வீட்டில் மூன்று கறி. இந்தச் செல்வத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிப் பருவத்துக்கு வருவோம். இங்கே மழை இரு முறை வருகின்றது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டியது சிறுபோகம்; ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பெருமழையோடு தொடங்குவது பெரும்போகம். கண்டிப் பகுதியில் மழை மிகுவது இவ்விரு மாதங்களிலேதான். அப்போது தக்காளி அழுகும். போஞ்சியில் புள்ளி விழும். கீரையோ தழைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஆண்டின் கடைக் கூறிலே வரும் கூடையில் இலையே மிகுதியாக இருக்கும். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பசளி, முள்ளங்கி இலை, பூசணிக் கொழுந்து.

கீரையை நமது வீடுகளிற் பெரும்பாலும் நெடுநேரம் அவித்து, கடைந்து, நிறம் மாறிய பின்னரே இறக்குகிறோம். கடைந்த கீரைக்கு ஓர் இனிமை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாரத்தில் நான்கு நாள் கீரை வருமாயின் சிங்கள வீட்டுப் பக்குவத்தையும் கற்றுக்கொள்ளவேண்டும். 'மல்லும்' என்று அவர்கள் அழைப்பதை முஸ்லிம் வீடுகளிற் சுண்டல் என்பர். யாழ்ப்பாணத்தார் வறை என்பர். இலையை முதலில் நன்றாகக் கழுவி, நீர் வடிந்த பின்னரே அரியவேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். இரண்டு கைப்பிடி இலையை மயிர்போல மெல்லியதாக அரிந்துகொள்க. நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், சிட்டிகை மஞ்சள், உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ ஆகியவற்றைக் கையாற் பிசைந்து, அகன்ற சட்டியிலே இட்டு, எரியும் அடுப்பில் மூன்று நிமிடம் கிளறினாற் போதும். பச்சை நிறம் மாறுமுன் இறக்கிவிடவேண்டும். தேசிக்காய்ப்புளியை அடுப்பில் இருக்கையிற் பிழிந்தாற் கசக்கும். இறக்கிய பின்னரே பிழியவேண்டும். மச்சம் உண்பவர்கள் சிறிது மாசித்தூள் சேர்ப்பர்.

தேசிக்காயும் தேங்காயும் சுவைக்கு மாத்திரம் சேர்ப்பவையல்ல. இலையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்குப் புளிப்பிலுள்ள உயிர்ச்சத்து சீ துணை செய்கின்றது. கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ கிடைப்பதற்கு எண்ணெய்ப் பசை துணை செய்கின்றது. நம் பாட்டிமார் ஆய்வுகூடம் காணாமலே இவ்விரண்டையும் சட்டியிற் சேர்த்துவிட்டனர். நாமோ சோறுண்ட கையோடு ஒரு கோப்பை தேநீரைக் குடித்து அந்த இரும்பிற் பாதியை வீணாக்குகிறோம்! தேயிலை விளையும் நாட்டில் இதைச் சொல்வது சற்று அச்சமாகத்தான் இருக்கின்றது. தேநீரை நிறுத்தவேண்டாம், உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாற் போதும்.

மழை ஓய்ந்து தை பிறந்தபின் காய்களின் காலம். கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், புடோல், பாகல், பீர்க்கு என்று வரிசையாக வரும். பூசணி முற்றி உருளும். முழுப் பூசணிக்காயின் பெருமை என்னவெனில், காம்போடு அறுத்துக் காற்றாடும் இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டின் குளிர்ப்பெட்டி அது. நாம் அதனைப் பாலும் சீனியும் இட்டது போல இனிப்பாகச் சமைத்துப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டுகிறோம். கண்டிப் பகுதியிலே அதற்குக் கருக்கிய தேங்காயிட்ட கறி ஒன்று உண்டு. அரைக் கிலோ பூசணியைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்த்து இரண்டாம் பாலில் வேகவிடுக. ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் ஒரு பிடி தேங்காய்ப்பூவையும் வெறுஞ்சட்டியில் நன்கு கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, அரைத் தேக்கரண்டி கடுகும் இரு பல் உள்ளியும் சேர்த்து அம்மியில் மைபோல அரைத்து, முதற் பாலிற் கரைத்து ஊற்றி, ஒரு கொதியில் இறக்கவேண்டும். கடுகின் காரமும் கருகிய தேங்காயின் மணமும் சேர்ந்தால் பூசணி என்ற பெயரே மறந்துபோகும்.

பீர்க்கங்காயின் தோலை எறியாமல் உழுந்தும் செத்தல் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைப்பது நமது தமிழ் வீடுகளின் பழக்கம். இதனை அயல்வீட்டாருக்கு நாம் சொல்லிக் கொடுக்கலாம். நோக்கோல் இலையும் பீற்றூட் இலையும் அவ்வாறே. கடைக்கு வரும்போது அவற்றை வெட்டி எறிந்துவிடுகின்றனர். தோட்டத்திலிருந்து நேரே வரும் கூடையில் இலையோடு வரும். காய்க்கு ஒரு கறி, இலைக்கு ஒரு கறி. சுரைக்காயைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. சமைக்குமுன் பச்சையாகச் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கவேண்டும். கடுங்கசப்பாக இருந்தால் அதனை எறிந்துவிடுக. அக்கசப்பு நஞ்சு, அவித்தாலும் தீராது.

கிழங்குகளைப் பற்றியே நமக்கு அச்சம் அதிகம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. மரவள்ளியில் ஹைட்ரசன் சயனைட்டு என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கின்றது. கசக்கும் இனங்களில் மிகுதி. தடித்த உட்தோலையும் சேர்த்து நீக்கி, துண்டாக்கி, நீரில் ஊறவிட்டு அந்நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரிலே சட்டியை மூடாமல் அவித்து, அந்நீரையும் வடித்துவிடவேண்டும். பிடுங்கி ஓரிரு நாளுக்குள் சமைப்பது முறை. உள்ளே நீலக்கோடு ஓடிய கிழங்கை விலக்குக. மரவள்ளி உண்ட நாளில் இஞ்சி கூடாதென்று பெரியோர் விதித்திருக்கின்றனர். அதனைக் கடைப்பிடிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் இஞ்சியை விலக்கிவிட்டோம் என்ற துணிவில் சட்டியை மூடி அவிப்பதுதான் ஆபத்து.

கொகில என்பது சதுப்பு நிலத்தில், வயலோரத்து நீர்க்காலில் வளரும் முட்செடியின் தண்டு. வெட்ட வெட்ட நூல் நூலாக வரும்; அந்நாரை விரலிற் சுற்றி நீக்கிக்கொண்டே வெட்டவேண்டும். பொறுமை வேண்டும் வேலை இது. கதை பேசிக்கொண்டு செய்தால் பாரம் தெரியாது. பருப்புடன் சேர்த்துப் பாலிற் சமைத்தால் நல்ல கறி. இன்னலக் கிழங்கோ சுண்டுவிரல் அளவுதான். ஒவ்வொன்றாகத் தோலுரிக்கப் புகுந்தால் பொழுது போய்விடும். ஊறவைத்துச் சாக்கிலே இட்டுக் கல்லில் தேய்த்தால் தோல் தானே கழன்றுவிடும். கரணை முதலிய கிழங்குகள் நாவை அரிப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள ஊசி போன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள். புளியோ கொறுக்காயோ சேர்த்து நன்றாக வேகவிட்டால் அரிப்பு அடங்கும்.

இவ்வளவும் கூறிவிட்டுப் பலாவைக் கூறாவிட்டால் உடுநுவரை மன்னிக்காது. மூன்றரை நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலேயர் ஒருவர் இப்பகுதியிலே தம் விருப்பின்றி வாழ நேர்ந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை இந்நாட்டிற் சிறை வாழ்வு வாழ்ந்தார். சிறை என்றால் இரும்புக் கம்பியன்று. ஊருக்குள் திரியலாம், நாட்டை விட்டுப் போகமுடியாது. உடுநுவரையில், கெலிஓயாவுக்கு வெகு தூரமில்லாத எலதெத்த என்னும் கிராமத்திலே சிறு காணியொன்றை விலைக்கு வாங்கி வீடு கட்டிக் குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலிலே, பலாக்காய்க்குப் பருவத்துக்கு ஒரு பெயருண்டு என்று குறித்திருக்கின்றார். பிஞ்சானால் 'பொலஸ்', முற்றினால் 'கொஸ்', பழுத்தால் 'வரக்க' அல்லது 'வெல'. இன்றும் கெலிஓயாவில் அப்பெயர்களே வழங்குகின்றன. நமது வருக்கைப் பலாவும் கூழன் பலாவும் வரக்கவுக்கும் வெலவுக்கும் உடன்பிறப்புக்கள் என்று மாணவர்கள் கண்டுகொள்வார்கள். அரிசி குறைந்த வீட்டுக்கு அக்காய் சோற்றுக்குப் பதிலாவதையும் அவர் கண்டிருந்தார்.

அரிசிக்குப் பதிலாகப் பலா என்பது பழங்கதையன்று. முதலாம் உலகப் போர்க் காலத்தை அடுத்து நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வருமென்று கவலை கொண்ட ஆதர் வீ. டயஸ் என்பவர் ஊரூராகப் பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தினார். 1960இல் காலமான அவரை மக்கள் இன்றும் 'கொஸ் மாமா' என்றே அழைக்கின்றனர். 1951ஆம் ஆண்டில் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பலா மரத்தை அனுமதியின்றித் தறிக்க இயலாமற் செய்தது அதுவே. எழுபதுகளின் முற்பகுதியிலே வெளிநாட்டு அரிசியும் மாவும் அருகின. ஒரு மாவட்டத்திலிருந்து மற்றதற்குக் குறித்த அளவுக்கு மேல் அரிசி கொண்டுசெல்லத் தடையிருந்தது. அக்காலத்தில் பலாவும் மரவள்ளியும் உள்ள கிராமத்தார் ஒருவாறு தப்பினர். காணியேயில்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத்து லயங்களிற் பட்டினியால் மக்கள் மாண்டனர். கூடையைப் பற்றி எழுதும்போது இதனை எழுதாமல் விடமுடியவில்லை. லயத்தின் முன்னே நாலு பாத்தி நிலம் இருக்கிறதா இல்லையா என்பது கறிக்குச் சுவை சேர்க்கும் காரியமன்று.

அண்மைக்காலம் நம் எல்லோருக்கும் தெரியும். 2021 மே மாதத்தில் இரசாயன உரம் ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டது; நவம்பரில் அக்கட்டளை கைவிடப்பட்டபோது விளைச்சல் விழுந்துவிட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டை எட்டிற்று. அதாவது ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அளித்தனர். நல்லெண்ணந்தான், ஆனால் ஒரு வெள்ளியன்று நட்ட கத்தரி நாற்று அடுத்த வெள்ளியன்று காய்ப்பதில்லை. நட்ட நாளிலிருந்து முதற் காய் பறிக்க ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். கங்குனும் பொன்னாங்காணியும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். பசித்த பின் மண்வெட்டி எடுப்பவர் கீரையில் தொடங்குவதே அறிவு. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மண்சரிவிலும் வெள்ளத்திலும் பல உயிர்கள் போயின. மலைநாட்டு வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டன. லொறி வராத அந்நாட்களிலே அடுப்பு எரிந்த வீடுகளில் வெந்தது பெரும்பாலும் அயலிலே விளைந்ததுதான்.

பொலஸ் கறிக்குத் திரும்புவோம். ஆண்டின் முற்பகுதியிலே மரத்திற் பிஞ்சுகள் தோன்றும். உள்ளங்கை இரண்டளவு பருமனுக்கு மேற்படாத, உள்ளே கொட்டை முற்றாத பிஞ்சே ஏற்றது. கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளாமற் பலாவில் கை வைக்கக்கூடாது. பால் ஒட்டிக்கொண்டால் போகாது. முட்தோலைச் சீவி, பெரிய துண்டுகளாக்கி, கறுக்காமலிருக்க மஞ்சள் கலந்த நீரில் இடுக. ஒரு கிலோ பிஞ்சுக்கு நான்கு துண்டு கொறுக்காய், இரண்டு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு துண்டு கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, ஐந்தாறு பல் உள்ளி, அரிந்த வெங்காயம், உப்பு. எல்லாவற்றையும் மண்சட்டியில் இட்டு, இரண்டாம் பால் மூடும் அளவுக்கு ஊற்றி, மெல்லிய தணலில் வைத்துவிடவேண்டும். இரண்டு மணி நேரம் பொறுக்கவேண்டும். மூன்று மணியானால் இன்னும் நன்று. பால் வற்றித் துண்டுகள் கபில நிறமானபின் முதற் பாலைச் சேர்த்து இறக்குக. வாயு அடுப்பிலே செய்தால் செலவு அதிகம். விறகடுப்பில் மதியச் சோறு வடித்தபின் எஞ்சிய தணலே போதும். மறுநாள் காலையிற் சூடாக்கி இடியப்பத்தோடு உண்பதே இதன் உச்சம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த விருந்துக் கறி எதுவும் எனக்குத் தெரியாது. ஊனுண்பவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவர்.

வடக்கிலிருந்து வந்து இங்கு தொழில் பார்ப்போர் முருங்கைக்கு ஏங்குவதுண்டு. இந்த ஈரமண்ணிலே முருங்கை இலை விடும், காய் அருமை. அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: முருங்கைக்காய் போடும் இடத்தில் ஈரப்பலாக்காயைப் போட்டுப் பாருங்கள். பால்கறிக்கு அதன் மென்மை வேறெதற்கும் வராது. அவித்துத் துண்டாக்கித் தேங்காய்ச் சம்பலோடு கொடுத்தால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைப் பசி தீரும். கடை விசுக்கோத்துக்கு வேலையில்லை.

மிகுதியாக வந்துவிட்ட காயைப் பாதுகாப்பதுதான் எஞ்சியது. வற்றலும் மோர்மிளகாயும் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு உரியவை. கெலிஓயாவின் ஐப்பசி மழையில் வற்றல் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நாட்களைத் தெரிந்துகொள்க. மற்றைய காலத்தில் கத்தரிக்காயை மெல்லியதாக அரிந்து பொரித்து, வினாகிரி, அரைத்த கடுகு, சிறிது சீனி, பொரித்த வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து மோஜுவாகச் செய்து கண்ணாடிப் போத்தலில் வைக்கலாம். போத்தலும் கரண்டியும் ஈரமின்றி இருக்கவேண்டும். முற்றிய பலாச்சுளையைக் கீற்றாக வெட்டி அவித்து உலர்த்திவைப்பது கிராமத்து வழக்கம். பலாக்கொட்டையைக் கழுவி ஈரம் போகக் காயவைத்து, அடுக்களை மூலையில் உலர்ந்த மணலைக் குவித்து அதற்குள் புதைத்துவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது கையை விட்டு ஒரு பிடி எடுத்து, தணலிற் சுட்டு, ஓட்டை உடைத்துச் சுடச்சுட உண்ணலாம். கறியாக்குவதானால் கொட்டையை ஒன்றிரண்டாகத் தட்டி, மாசியோ மிளகோ சேர்த்துக் கெட்டிப் பாலிற் பிரட்டுக. மணலை மட்டும் அடிக்கடி கிளறிப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் எண்ணி எடுப்பதில்லை.